பூத்துக்குளியைத் திருப்பிப் பாருங்கள்

ஊட்டிக் கடையொன்றில் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த பை தொங்குகிறதா? விலையை அப்புறம் கேட்கலாம். முதலில் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் இந்த எம்ப்ராய்டரியில் நாம் மயங்குவது வழவழப்பான பக்கத்தில். ஒழுங்கான கோடுகள், கச்சிதமான கட்டங்கள்; நெய்தே வந்ததோ என்று தோன்றும். ஆனால் தோடர்களுக்கு உகந்தது மற்றப் பக்கம். நூல் அங்கங்கே புடைத்து நிற்கும், தடவினால் விரலில் நெருடும். தையலில் நேர்ந்த பிசகு அல்ல அது. ஊசியை இழுக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் நூலைத் தளர்த்தி விடுகிறார்கள். அவர்கள் முகப்பாகக் கொள்வதை உள்ளே மறைத்துத் தைத்த பையைத்தான் நாம் வாங்குகிறோம். எது நல்ல பக்கம் என்பதைக்கூட வாங்குகிறவன் ருசிதான் தீர்மானிக்கிறது.

இதைத் தைப்பவர்கள் தோடர் பெண்கள். துணியைச் சமவெளியிலிருந்து வாங்குகிறார்கள். சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் அதிலேயே நெய்யப்பட்டிருக்கும். பட்டைகளுக்கு இடையில்தான் வேலை. துணியைப் பூட்டும் சட்டகம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. பாவையும் ஊடையையும் எண்ணி எண்ணி ஊசி போகும். ஓர் இழை தப்பினால் வரிசையே கோணிவிடும். பூ, எருமைக் கொம்பு என்று மனதில் இருக்கும் கோலம் அப்படியே துணியில் இறங்குகிறது. எருமை வெறும் அலங்காரமல்ல. தோடர்களின் கோயிலே எருமைப் பாலைப் பதப்படுத்தும் பால்மனைதான்.

பூத்துக்குளி என்பது இந்த வேலைப்பாடுள்ள முழுப் போர்வை. ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள். சடங்குக்கு அது வேண்டும். இறந்தவரையும் அதில்தான் சுற்றுகிறார்கள். அதே பூவேலை கைப்பேசி உறையில் ஏறுவது எனக்கு முதலில் உறுத்தியது. தைத்து விற்பது அவர்களே என்னும்போது, உறுத்த எனக்கு என்ன உரிமை?

உறுத்த வேண்டியது அச்சடித்த நகல்தான். தோடர் எம்ப்ராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காக்கச் சட்டம் வேண்டியிருக்கிறது; அமெரிக்காவின் நவஹோ மக்கள், தங்கள் பெயரை உள்ளாடையில்கூட ஒட்டி விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின் மீது 2012இல் வழக்குப் போட்டார்கள். 2016இல்தான் சமரசம் ஆனது.

நகலைக் கண்டுபிடிக்கச் சட்டம் படிக்க வேண்டாம், விரல் போதும். அச்சில் நெருடல் இருக்காது. கைவேலை என்றால், தைத்தவர் எந்த மந்தைச் (தோடர் குடியிருப்பைச்) சேர்ந்தவர், அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். வாங்கினால் பேரம் பேசாதீர்கள். போர்த்தும்போது நெருடும் பக்கம் வெளியே தெரியட்டும்.