சுவரில் சுவிட்ச், மையத்தில் சாவி

பழைய கட்டடங்களில் அறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள்தான் போகும். அதே அறைக்கு இன்று தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி எல்லாவற்றுக்கும் இணைப்பு வேண்டும். சுவரை உடைத்துப் புதிய கேபிள் இழுப்பதற்குப் பதிலாக, ஜாக் பொருத்தும் இடத்திலேயே நான்கு போர்ட் கொண்ட சின்ன சுவிட்சை வைத்துவிடலாம் என்று 2000-களின் தொடக்கத்தில் த்ரீகாம் நிறுவனம் 'இன்டெல்லிஜாக்' வகைகளைக் கொண்டுவந்தது. இன்று அரூபா, ருக்கஸ், யூபிக்விட்டி ஆகியவை வைஃபையையும் சேர்த்து இதே போன்ற சுவர்ப்பெட்டிகளை விற்கின்றன. மின்சாரமும் நெட்வொர்க் கேபிளிலேயே வந்துவிடும்.

யோசனை நல்லதுதான். ஆனால் சுவிட்சை அறை அறையாகச் சிதறவிட்டால் அவற்றை யார் மேய்ப்பது? அதற்குத்தான் மைய மேலாண்மை மென்பொருள். நெட்வொர்க்கில் இருக்கும் ஜாக்குகளைத் தானே கண்டுபிடிக்கும், குழுவாகப் பிரிக்கும், ஒரே அமைப்பை எல்லாவற்றுக்கும் அனுப்பும். முதல் போர்ட் தொலைபேசிக்கு, இரண்டாவது தொலைக்காட்சிக்கு, மற்றவை விருந்தினருக்கு என்று தனித்தனி விலேன் (ஒரே கேபிளுக்குள் ஓடும் தனி நெட்வொர்க்) பிரித்து, 200 அறை விடுதிக்கு ஒரே மாலையில் அமைத்துவிடலாம். காலி அறையின் போர்ட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைக்கலாம். விடுதிகள், மாணவர் இல்லங்கள் போல ஒரே அச்சில் வார்த்த அறைகள் உள்ள இடங்களில் இதற்கு இணையான வழி இல்லை.

சிக்கலும் அதே வேகத்தில்தான் வருகிறது. மேலே போகும் இணைப்பின் விலேன் எண்ணைத் தவறாகத் தட்டி 'அனுப்பு' என்று அழுத்தினால், எல்லா ஜாக்கும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டாமல் போகும். ரேக்கில் இருக்கும் பெரிய சுவிட்சானால் கன்சோல் கேபிளைச் செருகி மீட்கலாம். சுவர் ஜாக்கில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. அறை அறையாகப் போய், கட்டிலை நகர்த்தி, ரீசெட் துளையில் ஊசி குத்த வேண்டியதுதான். (கட்டில் எப்போதும் ஜாக்குக்கு முன்னால்தான் கிடக்கும்.) மையத்தோடு தொடர்பு அறுந்தால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும் மாடல்கள் உண்டு, எல்லா மாடலும் அப்படியல்ல.

இன்னொன்று, மென்பொருளுக்குத் தெரிவது மேக் முகவரி போன்ற கருவி அடையாளம் மட்டும். அது 304-ஆம் அறையா, 403-ஆ என்பது பொருத்தியவர் அன்றே எழுதிவைத்திருந்தால்தான் தெரியும். அந்தப் பட்டியல் பிசகினால், அழகான திரையைப் பார்த்துக்கொண்டே தப்பான அறையின் இணைப்பைத் துண்டிப்போம்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பாதுகாப்பு. சுவிட்சைப் பூட்டிய அறையில் வைப்பது நெட்வொர்க் தொழிலின் பால பாடம். இங்கே அது முன்பின் தெரியாத விருந்தினரின் தலைமாட்டில் இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றி, உள்ளே வரும் கேபிளைத் தன் மடிக்கணினியில் செருகினால், அதில் ஓடுவது ஒரு விலேன் அல்ல. அந்த ஜாக்குக்கு அனுப்பப்படும் அத்தனை விலேனும், மேலாண்மைக்கானது உட்பட. கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் கேபிளை அது காக்காது. அந்த ஜாக்குக்குத் தேவையான விலேன்களை மட்டும் அனுப்புவதும், மேலேயுள்ள சுவிட்சில், செருகிய கருவி யாருடையது என்று கேட்கும் 802.1எக்ஸ் சரிபார்ப்பு வைப்பதுமே தற்காப்பு. ஆனால் இந்த வேலை ஜாக்கின் மென்பொருளில் முடிவதில்லை. மேல் சுவிட்சிலும் செய்ய வேண்டும். 'எல்லாம் ஒரே திரையில்' என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நான்கு போர்ட்டும் ஒரே கேபிளின் வேகத்தைத்தான் பங்கிட்டுக்கொள்ளும். இதை எந்த மென்பொருளும் மாற்றாது. மின்சாரமும் அப்படித்தான். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் கருவியை வந்தடைவது 12.95 வாட். அதில் ஜாக் தான் தின்றது போக மிச்சத்தைத்தான் பின்னால் செருகிய தொலைபேசிக்குத் தர முடியும்.

கடைசியாக ஆயுள். இன்டெல்லிஜாக்கைக் கொண்டுவந்த த்ரீகாமையே 2010-இல் எச்.பி. வாங்கிவிட்டது. சுவர் பல பத்தாண்டுகள் நிற்கும். அதை ஆளும் மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. எனவே பத்து இருபது ஜாக் உள்ள அலுவலகத்துக்கு இது வீண் சுமை. அங்கே கூடுதல் கேபிள் இழுப்பதே மேல். நூற்றுக்கணக்கான அறைகள் உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் மைய மென்பொருள் இல்லாமலும் ஒரு ஜாக்கைத் திறந்து அமைக்க முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்டு, செய்துகாட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.