சிறிய ஆட்டங்களும் மதிப்புரையின் அறமும்

பெருநூல் ஒன்றுக்கு எழுதப்படும் மதிப்புரை அதன் புகழைச் சற்றுக் கூட்டலாம், அல்லது குறைக்கலாம். அதனை வாழவைப்பதுமில்லை, மாளவைப்பதுமில்லை. சிறுநூலின் நிலை வேறு. சில நூறு படிகள் அச்சாகி, நண்பர் கைகளிலேயே நின்றுவிட்ட ஒரு கவிதை நூலுக்கு, எங்கோ ஓர் இதழின் கடைசிப் பக்கத்தில் வெளிவந்த பத்து வரிகளே அப்படியொரு நூல் பிறந்தது என்பதற்குச் சான்றாகிவிடுவதுண்டு. பெயர் மட்டும் எஞ்சி, நூல் கிட்டாமற் போன முன்னோர் படைப்புகளைத் தேடி அலைந்தோர்க்கு இந்த வேதனை நன்கு தெரியும்.

இவ்வுண்மை ஏட்டுலகுக்கு மட்டும் உரியதன்று. நம் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, கைப்பிடியை அழுத்தி ஆடும் வீடியோ விளையாட்டுகளின் உலகுக்கும் இது பொருந்தும். விளையாட்டுக்கும் திறனாய்வுக்கும் என்ன தொடர்பு என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். ஒருவர் கருதியதை இன்னொருவர் உணருமாறு செய்வது கலை எனில், இவ்வாட்டங்களுள் சிலவேனும் கலையே. கலையுள்ள இடத்தில் திறனாய்வும் இருந்தாக வேண்டும். அத்திறனாய்வு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

நூற்றுக்கணக்கானோர் கூடிப் பெரும்பொருள் செலவிட்டு உருவாக்கும் ஆட்டங்கள் ஒருபுறம் இருக்க, ஒருவரோ இருவரோ தம் வீட்டிலிருந்தே செய்யும் சிறிய ஆட்டங்களும் உள. இவை குறுந்தகட்டில் பதிவாகிக் கடைக்கு வருவன அல்ல. இணையத்தின் வழியே நேராக விளையாட்டுப் பெட்டிக்குள் இறக்கிக்கொள்ளப்படுவன. 2008 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியில் இத்தகையோர்க்கென்றே ஒரு வாயிலைத் திறந்தது. அடுத்த ஆண்டு அதற்கு ‘எக்ஸ்பாக்ஸ் லைவ் இண்டி கேம்ஸ்’ என்று பெயரிட்டது. ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம் செலுத்தியவர் எவரும் தம் ஆட்டத்தை அங்கே விற்பனைக்கு வைக்கலாம். உடன் உறுப்பினரான பிற ஆக்குநர்கள் அதனைச் சோதித்து ஒப்புதல் தருவர். ஆனால் அவர்கள் பார்த்தது பழுதின்றி இயங்குகிறதா, தடை செய்யப்பட்டவை உள்ளனவா என்பதையே, தரத்தை அன்று. விலை ஒரு டாலர், மூன்று டாலர், ஐந்து டாலர் என்ற அளவில் நின்றது. வாங்குமுன் சில நிமிடங்கள் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். தொடக்கத்தில் நான்காக இருந்த அந்நிமிடங்கள் பின்னர் எட்டாயின.

இவ்வாயிலின் வழியே ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வந்து குவிந்தன. நெல்லும் பதரும் கலந்த களம் அது. கைப்பிடியின் அதிர்வைக்கொண்டு உடம்பு பிடித்துவிடுவதாகச் சொல்லிக்கொண்ட போலிகள் ஒரு பக்கம். ஒருவரின் பல மாத உழைப்பு ஒரு பக்கம். பெரிய இதழ்கள் இவற்றுள் மிகச் சிலவற்றையே கவனித்தன. எஞ்சியவற்றை ஆடிப் பார்த்து எழுதியோர், பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு, இரவில் கூலியின்றி எழுதிய ஆர்வலர்களே. எவரும் பாராத பொருளைப் பார்த்த பெருமை அவர்களுடையது. அப்பெருமையை ஏற்றுக்கொண்டபின்தான் அவர்கள் எழுத்தின் குறைகளைப் பேச நமக்கு உரிமை உண்டு.

முதற்குறை, எட்டு நிமிடத் தீர்ப்பு. இலவசமாகக் கிட்டும் பகுதியை ஆடிவிட்டு முழு ஆட்டத்தையும் எடைபோடும் வழக்கம் பலரிடம் இருந்தது. முன்னுரையைப் படித்து நூலுக்கு மதிப்புரை எழுதுவதற்கு இது நிகர். இதன் கேடு யாதென்பதைப் ‘பிரெய்ட்’ என்ற ஆட்டத்தைக் கொண்டு விளக்கலாம். ஜொனாதன் புளோ ஆக்கி, டேவிட் ஹெல்மன் ஓவியம் தீட்டி, 2008 ஆகஸ்டில் அதே பெட்டியின் மற்றொரு விற்பனைப் பிரிவில் வெளிவந்தது அது. டிம் என்பவன் இளவரசி ஒருத்தியைத் தேடிச் செல்கிறான். தவறி விழுந்தால் காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தி மீளலாம். தொடக்கத்தில் காண்பவர்க்கு இது பழைய தாவும் ஆட்டங்களின் மறுபதிப்பு எனவே தோன்றும். ஆனால் இறுதிக் கட்டத்தில், கொடிய வீரன் ஒருவனிடமிருந்து தப்பி வரும் இளவரசி டிம்முக்கு வழிதிறந்து உதவுவதாக நாம் கண்ட அதே காட்சி, காலம் திரும்பி ஓடும்போது வேறாகிறது. அவள் தப்பியோடுவது டிம்மிடமிருந்தே என்பதும், அவள் செய்த ஒவ்வொன்றும் அவனைத் தடுக்கச் செய்ததே என்பதும் அப்போது விளங்குகின்றன. தன்னை மீட்பன் என்று நம்பியவன் தானே அச்சத்தின் காரணமாய் நிற்கிறான். காலத்தைத் திருப்பும் உத்தி வெறும் வித்தையன்று. செய்த தவற்றைச் செய்யாததாக்க விழையும் மனத்தின் உருவம். முடிவுவரை செல்லாதவன் இதனைக் கண்டிருக்கவே மாட்டான்.

இரண்டாவது குறை, மணிக்கணக்கில் அளப்பது. பிரெய்ட் 15 டாலருக்கு விற்றபோது, சில மணி நேரத்தில் முடியும் ஆட்டத்துக்கு இவ்வளவு விலையா என்ற முணுமுணுப்பு எழுந்தது. விலையைப் பேசுதல் தவறன்று. வாங்குவோன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அதற்கு மதிப்புரையாளன் பொறுப்பாளி. ஆனால் கலைப்பொருளைத் துணிபோல் முழம்போட்டு அளப்பது முறையாகாது. 2012இல் பிளேஸ்டேஷன் 3 பெட்டிக்கு வந்த ‘ஜர்னி’ இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிவது. பாலைவெளியில் நடந்து தொலைவிலுள்ள மலையை அடைய வேண்டும், அவ்வளவே கதை. வழியில் முகமறியாத இன்னொரு பயணி வந்து சேர்வார். அவர் உலகின் எங்கோ ஒரு மூலையில் அமர்ந்து அதே ஆட்டத்தை ஆடும் மெய்யான மனிதர். பேச வழியில்லை, ஓர் ஒலி எழுப்பலாம், அருகில் நிற்கலாம். உடன் வந்தோரின் பெயர்கள் ஆட்டம் முடிந்த பின்னரே திரையில் தோன்றும். ஒருவரே உடன் வந்தார் என்று எண்ணியிருந்தவர், பலர் மாறி மாறித் துணைவந்ததை அப்போது அறிந்து திகைப்பதுண்டு. இந்தத் திகைப்புக்கு மணிக்கு இத்தனை டாலர் என்று விலையிட இயலுமோ?

மூன்றாவது குறை, எள்ளலை வாணிபமாக்குவது. பழுதுள்ள ஆட்டத்தை நையாண்டி செய்தால் வாசகர் சிரிப்பர். எழுதுவோனுக்குப் பெயர் கிடைக்கும். ஆக்கியோனுக்கோ அவன் ஆட்டத்தைப் பற்றி இவ்வுலகில் எழுதப்பட்ட ஒரே உரையாக அது நின்றுவிடும். இதற்கு நேரெதிரான நான்காவது குறையும் உண்டு. ‘பாவம், ஒற்றை ஆள் செய்தது, குறை சொல்லலாகாது’ என்ற இரக்கம் அது. இதுவும் அநீதியே. வாங்குவோனுக்கு அது பொய், ஆக்கியோனுக்கோ அவமதிப்பு. உன்னிடம் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதினும் கொடிய கண்டனம் வேறு உண்டா? மதிப்புரையாளனிடம் இருவர் நம்பிக்கை வைக்கின்றனர். அது அமானிதம். ஒருவர்க்கு இரங்கி மற்றவரை ஏமாற்றுதல் அந்த அமானிதத்துக்கு ஆகாது.

அங்ஙனமாயின் நல்ல மதிப்புரை எவ்வாறு அமையும்? ஒரே ஒரு டாலருக்கு விற்ற ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் சில்வா 2009இல் வெளியிட்டது. ‘ஐ மேட் எ கேம் வித் சோம்பீஸ் இன் இட்’ என்பது பெயர். அதாவது, நடைப்பிணங்கள் வரும் ஓர் ஆட்டம் செய்தேன் என்பது. அப்பெயரையும் எழுத்துப் பிழைகளோடும் எண்களோடும் வேண்டுமென்றே சிதைத்து எழுதியிருந்தார். அந்த வாயிலில் மிகுதியாக விற்றவற்றுள் ஒன்று அது. ‘நடைப்பிணங்களைச் சுடும் ஆட்டம், பாட்டு நன்று, ஒரு டாலருக்கு மோசமில்லை’ என்று எழுதி முடிப்பது எளிது. அது விலைச்சீட்டு, மதிப்புரை அன்று.

உற்று நோக்குவோன் வேறொன்றைக் காண்பான். அங்கே பின்னணிப் பாட்டு அணிகலனாக வரவில்லை. அதுவே ஆட்டத்தின் எலும்புக்கூடு. இந்த ஆட்டத்தைச் செய்த கதையையே அப்பாட்டு பாடுகிறது. அதன் போக்கு மாற மாறத் திரையின் கோலமும் எதிர்ப்படும் உருவங்களும் மாறுகின்றன. நடைப்பிணங்களைப் புகுத்தினால்தான் விற்கும் என்ற சந்தையையும், அச்சந்தைக்கு வந்து நிற்கும் தன்னையும் ஆக்கியோன் ஒருசேரப் பகடி செய்கிறார். பகடி செய்துகொண்டே பிழையற்ற நல்ல ஆட்டத்தையும் கையில் தருகிறார். குறையும் உண்டு: நகை ஒன்றே, அதனை இரண்டாம் முறை கேட்கையில் பாதி தீர்ந்துவிடுகிறது. இவ்வளவும் சொல்வதற்கு ஒரு பத்தி போதும். அந்தப் பத்தியை எழுதுவதற்கு முழு ஆட்டத்தையும் ஆடியிருக்க வேண்டும், அவ்வளவே.

இதில் ஒரு சிக்கல் எழுகிறது. முடிவை வெளியிடலாமா? ஆடப்போகின்றவரின் வியப்பைத் திருடுவது குற்றம் என்பர், மெய்தான். ஆட்டம் வெளிவந்த நாளில் முடிவை மறைப்பதே கடன். ஆயினும் காலம் செல்லச் செல்ல அக்கடன் மாறுகிறது. 2017இல் மைக்ரோசாஃப்ட் அந்த வாயிலை மூடியது. அதுவரை வாங்காதிருந்தவர் இனி வாங்கவியலாது. நிண்டெண்டோவின் வீ கடை 2019இல் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் கடைகளில் விற்பனை 2023இல் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடையே 2024 ஜூலையில் விற்பனையை நிறுத்திற்று. புகழ்பெற்றவை வேறு பெட்டிகளுக்குக் குடிபெயர்ந்து பிழைத்தன. பிரெய்ட் 2024இல் புதுப்பொலிவோடு மீண்டும் வந்தது. பெயரற்றவை எங்கே போகும்? அச்சு நூலாயின் பழைய புத்தகக் கடையிலேனும் ஒரு படி கிடைக்கும். இவற்றுக்குத் தாளில்லை, தகடில்லை. விற்பனை நின்ற அன்றே வழியும் அடைபடுகிறது.

அங்ஙனம் அடைபட்ட பின் எஞ்சுவது அன்று ஓர் ஆர்வலன் எழுதிவைத்த உரை மட்டுமே. அதில் பத்துக்கு நான்கு என்ற மதிப்பெண்ணும் ஒரு நையாண்டியும் மட்டும் இருந்தால், பின்வருவோர்க்கு அதனால் பயன் யாது? அது எப்படி இயங்கிற்று, எதை நாடிற்று, எங்கே வென்றது, எங்கே இடறிற்று, எவ்வாறு முடிந்தது என்று எழுதியிருந்தால், ஆட்டம் மறைந்தாலும் அதன் உரு மறையாது. தீர்ப்பளிப்பது மதிப்புரையாளனின் முதற்பணி. சாட்சி கூறுவது அதனினும் நீடிக்கும் பணி. தீர்ப்பை நாளை எவரும் திருத்தலாம். கண்டவன் சொல்லாது விட்ட சாட்சியத்தை யாரால் எழுத முடியும்?

நம் வீட்டுப் பிள்ளைகளுள் எவரேனும் தாம் ஆடிய சிறிய ஆட்டத்தைப் பற்றி நாலு வரி எழுத முனைந்தால், வீண்வேலை என்று அவர்களைத் தடுக்க வேண்டா. முழுதும் ஆடிவிட்டாயா, கண்டதைக் கண்டபடி எழுதினாயா என்று மட்டும் கேளுங்கள். சிறியதை நேர்மையாகப் பார்க்கப் பழகிய கண்ணே பெரியதையும் மயங்காது பார்க்கும்.