சுத்தியல் கனக்கிறது

பட்டறையில் ஒருவர் சுத்தியலைக் கையில் எடுக்கிறார். தோதுப்படவில்லை. ஒரு பேச்சும் பேசாமல் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்கிறார். ‘இந்தச் சுத்தியல் கனமானது’ என்று எழுவாய் பயனிலையோடு ஒரு வாக்கியம் அங்கே தேவைப்படவில்லை. ஆனால் புரிதல் நடந்துவிட்டது. மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட ‘இருத்தலும் காலமும்’ நூலில் வரும் சுத்தியல் இது. அனுபவத்தில் விஷயங்கள் நமக்குத் தென்படும் விதத்தை ஆராயும் நிகழ்வியல், மொழியைப் பற்றி என்ன சிந்தித்தது என்பதற்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

நிகழ்வியலைத் தொடங்கிவைத்த எட்மண்ட் ஹுஸர்லிடமிருந்து தொடங்குவதுதான் முறை. ‘தருக்க ஆய்வுகள்’ (1900–01) நூலில் அவர் சுட்டும் குறியையும் பொருள் தரும் சொல்லையும் பிரித்தார். கொடி ஒரு நாட்டைச் சுட்டும். சொல்லின் வேலை வேறு. ‘யேனாவில் வென்றவர்’, ‘வாட்டர்லூவில் தோற்றவர்’ இரண்டுமே நெப்போலியன்தான். ஆள் ஒருவர், பொருள் இரண்டு. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கலப்பில்லாத பொருளைத் தேடிப் போனவர், மனத்துக்குள் தனக்குத்தானே பேசிக்கொள்பவரிடம் போய் நின்றார். அந்தத் தனிப் பேச்சிலும் குறி புகுந்துவிடுகிறது என்று ழாக் தெரிதா 1967இல் ஒரு சிறுநூல் முழுக்க வாதிட்டார்.

ஹைடெக்கர் பேச்சைக் காதிலிருந்து பார்த்தார். நாம் வெறும் ஓசையைக் கேட்பதில்லை. மோட்டார் சைக்கிளைக் கேட்கிறோம், மரங்கொத்தியைக் கேட்கிறோம். தெரியாத மொழியில் ஒருவர் பேசினாலும் காதில் விழுவது புரியாத சொற்களே; வெறும் சத்தமன்று. மௌனத்தையும் அவர் பேச்சின் ஒரு வகையாகவே எண்ணினார். வாய்க்கு வாய் மாறி, கண்ணால் பாராததும் தெரிந்ததுபோல் ஆகிவிடும் வெற்றுப் பேச்சைப் பற்றியும் எழுதினார். அவருடைய கலைச்சொற்களுக்கே அந்தக் கதி நேர்ந்தது வேறு விஷயம்.

என் அளவுகோலில் உயர்ந்து நிற்பவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மெர்லோ-பொந்தி. எண்ணத்தை முடித்துவைத்துக்கொண்டு, அதற்குச் சட்டை மாட்டுவதுபோல் யாரும் பேசுவதில்லை என்பது அவருடைய 1945ஆம் ஆண்டு நூலின் வாதம். சொல்லச் சொல்லத்தான் எண்ணமே முழுமையாகிறது. சொல் நாக்கு நுனியில் நிற்கும்போது கை காற்றில் எதையோ துழாவுகிறதே, அதைப் பார்த்தால் போதும். ஏற்கெனவே புழங்கிப் படிந்த பேச்சையும் இப்போதுதான் பிறக்கிற பேச்சையும் அவர் பிரித்துக் காட்டினார்.

இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரான சார்த்தர் 1947இல், உரைநடைக்காரர் சொல்லைக் கருவியாக்குகிறார், கவிஞர் அதை ஒரு பருப்பொருளாகவே பார்க்கிறார் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். அவ்வளவு சுலபமில்லை. பூங்காவில் ஒரு மரத்தின் வேருக்கு முன்னால் ‘வேர்’ என்ற சொல்லே நழுவிப்போய்த் திகைத்து உட்கார்ந்திருக்கிறானே, அவருடைய 1938 நாவலின் நாயகன், அவனிடம் உண்மை கூடுதல்.

எம்மானுவேல் லெவினாஸ் 1928–29இல் ஃப்ரைபர்க்கில் ஹுஸர்லிடமும் ஹைடெக்கரிடமும் பாடம் கேட்டவர். 1933இல் ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். லித்துவேனியாவிலிருந்த லெவினாஸின் குடும்பத்தை நாஜிகள் கொன்றார்கள். என்ன சொன்னோம் என்பதற்கு முன்பே, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து வாய் திறந்தோமே, மொழி அங்கே தொடங்குகிறது என்பது லெவினாஸின் வாதம். அந்தப் பட்டறைக்குள் வந்திருந்தால் சுத்தியலை விட்டுவிட்டு, அதை எடுத்துக் கொடுத்தவர் யார் என்றுதான் திரும்பிப் பார்த்திருப்பார்.