மார்கழி இசைவிழாவும் திருமுறைப் பண்ணும்

திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருமயிலையில் என்பு நிறைந்த குடத்தை முன்வைத்துப் பாடியருளிய திருப்பதிகம், அந்நகரின் விழாக்களை மாதமுறையே எடுத்தோதுவது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என அவ்வரிசை செல்லும். இறந்துபட்ட பூம்பாவையை நோக்கி, இவற்றைக் காணாமலே செல்லுதல் தகுமோ என வினவுதலே பதிகத்தின் உயிர்நிலை. அத்திருமயிலை இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதி. அதே மார்கழியில், அத்திருக்கோயிலுக்கு அணித்தாகிய மன்றங்கள் பலவற்றில், ஆண்டுதோறும் உலகறிந்த இசைவிழா நடைபெறுகின்றது. அவ்விழாவில் திருமுறைக்குக் கிடைத்துள்ள இடம் யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1927-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி இசை மகாநாடொன்று நடந்தது. அதன் பயனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. பின்னர்ப் பற்பல சபைகள் கிளைத்தன. பாட்டெல்லாம் பிறமொழியாதல் கண்டு வருந்தினோர் கிளர்ச்சியால், 1943-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியிற் றமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. 1949 முதல் அச்சங்கம் பண்ணாராய்ச்சியையும் மேற்கொண்டது. 2017-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஏற்றதற்கும் இவ்விழாவின் புகழே பெருங்காரணம் எனலாம். இளையோர் பலர் பல்லாண்டு பயின்று அரங்கேறுதலும், முதியோர் பனியையும் பொருட்படுத்தாது வந்து கேட்டலும் மெய்யாகவே பாராட்டத்தக்கன. இவற்றை இகழ்வார் இசையறியார்.

ஆயினும், இன்றைய கச்சேரி முறையில் தேவாரம் அமருமிடம் கடைசி வரிசை. அரியக்குடி இராமாநுச ஐயங்கார் வகுத்தமைத்ததாகக் கூறப்படும் அம்முறைப்படி, வர்ணம் முன்னும், கீர்த்தனங்களும் பல்லவியும் நடுவும், சில்லறை உருப்படிகள் ஈற்றிலும் வரும். 'துக்கடா' என்னும் பெயர் பூண்ட அச்சில்லறைகளோடு தேவாரமும் ஒன்றாய் வைக்கப்படுகின்றது. தனி ஆவர்த்தனத்தின்போதே சிற்றுண்டிச்சாலையை நோக்கி எழுவார் பலர். மிருதங்க வித்துவான்களும் இத்துன்பத்திற் பங்காளிகளே. எஞ்சினோர் செவியில் இறுதியாகத் தேவாரம் விழுகின்றது.

இடம் கடையாதல் ஒரு குறையே. அதனினும் பெரிது பாடும் வகையில் நேரும் குறை. பதிகத்தினின்று ஒரு பாடலை மட்டும் பிரித்தெடுத்து, அதன் முதலடியை ஓர் இராகத்திலும் அடுத்த அடியைப் பிறிதோர் இராகத்திலும் விருத்தமாக விரித்து, நாலடிக்குள் நாலு இராகம் காட்டுதல் வழக்கமாய்விட்டது. கேட்போர் இராகத்தின் பெயரை அடையாளங் காண்பதிலே மகிழ்கின்றனர். பாடல் இராகத்திற்கு வெறுஞ் சொற்பையாய் முடிகின்றது.

தாளமின்றிப் பாடுதலே பிழையென்பார் சிலர். அற்றன்று. ஓதுவார் மரபிற் றாளத்தொடு கூடிய பண்ணாங்கமும், தாளமில்லாத சுத்தாங்கமும் இரண்டும் உள. ஆனால் எம்முறையிற் பாடினும் பதிகத்திற்குரிய பண் மாறாது. பண் என்பது பாட்டின்மேற் போர்த்த ஆடையன்று; திருமுறை வகுப்பிலேயே, பதிகங்கள் தலமுறையாகவன்றிப் பண்முறையாகவே அடைவு பெற்றிருத்தல் இதற்குச் சான்று.

இனி, கச்சேரி வித்துவான்களை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையாகாது. பண்ணுக்கும் இன்றைய இராகத்திற்கும் பொருத்தம் யாதென அவர் வினவுவாராயின், சைவர் கூறும் விடை முழுதும் தெளிவுடையதன்று. தக்கராகமும் தக்கேசியும் இரண்டும் காம்போதியிலே பாடப்படுகின்றன. கொல்லியும் காந்தாரமும் நவரோசிலே பாடப்படுகின்றன. வெவ்வேறு பெயர் பெற்ற பண்கள் பண்டு ஒன்றாயிருந்திருத்தல் இயலுமோ? அவற்றைப் பிரித்துக் காட்டிய நுட்பம் எங்கேயோ நழுவிப்போயிற்று என்றே கொள்ளவேண்டும். எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருத்தியால் பண்ணடைவு ஒருமுறை மீண்டும் கிடைத்ததென்று திருமுறைகண்ட புராணம் கூறும். இரண்டாம் முறையும் இழப்பின், யாரிடம் சென்று கேட்பது?

இராசராச சோழன் தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யும் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான், கொட்டிமத்தளம் வாசிப்பான் என இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் நிவந்தம் வைத்தமை அக்கோயிற் கல்வெட்டாற் றெளிவு. இன்றோ ஓதுவாரின்றி வழிபாடு நடக்குங் கோயில்கள் பல. ஓதுவார் உள்ள கோயிலிலும், தீபாராதனைக்குப் பின் கூட்டம் திருநீற்றுக்கு நெருக்குமிடத்தே, ஒரு பாட்டுப் பாடும் பொழுதே அவர்க்கு வாய்க்கின்றது. கோயிலிற் கடைசியாய் நிற்பாரைச் சபையில் முன்னே அழையாதது ஏன் எனச் சினத்தல் எங்ஙனம் பொருந்தும்? சபையார் கோயிலையே பார்த்துக் கற்றனர் போலும்.

மார்கழியில் மயிலை மாடவீதிகளைப் பாபநாசம் சிவன் பஜனை பாடி வலம்வந்த செய்தி இன்றும் முதியோர் பலரால் பேசப்படுவது. ஆண்டு அரங்குமில்லை, நுழைவுச் சீட்டுமில்லை, பாட்டே விழாவாயிருந்தது. அவ்வழக்கத்தை அரங்கினுட் கொணர்தல் அரிதன்று. திருவாதிரையை அடுத்த ஒரு மாலையில், கச்சேரியின் நடுவிடத்தே, முறைப்படி பயின்ற ஓதுவார் ஒருவரை அமர்த்துக. தொடக்கத்தே சுட்டிய திருமயிலைப் பதிகத்தின் 11 பாடல்களும், திருக்கடைக்காப்பு உட்பட, அதற்குரிய சீகாமரப் பண்ணிலேயே பாடப்பெறுக. வயலினும் மிருதங்கமும் உடனிருப்பதில் தடையில்லை. அப்பண் இன்று நாதநாமக்கிரியையிற் பாடப்படுதலின் வித்துவான்கள் எளிதிற் பின்பற்றுவர். ஒருமணிப் பொழுதுக்குள் முடியக்கூடிய இதற்குச் செலவும் மிகாது. திருமயிலைத் திருக்கோயிலார் முன்வரினும், சபையார் முன்வரினும், வருகின்ற மார்கழியிலேயே நடத்தலாம்.