கூந்தல் முடித்தல்: ஒரு வினைச்சொல்லின் மொழிபெயர்ப்புச் சிக்கல்

நீள்கூந்தல் பெண்ணின் அடையாளம் என்பது திறனாய்வாளர் பலரும் கூறிய கருத்தே. அவ்வடையாளம் ஆற்றலாக மாறுவது பெயர்ச்சொல்லால் அன்று, வினைச்சொல்லால் என்பதை இங்குச் சுட்ட வேண்டியுள்ளது.

பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் (முதற்பாகம் 1912) பாஞ்சாலி, துச்சாதனன், துரியோதனன் ஆகிய இருவர் குருதியையும் பூசிய பின்னரே கூந்தல் முடிப்பதாகச் சூளுரைக்கிறாள். தமிழில் 'முடித்தல்' கட்டுதலையும் நிறைவேற்றுதலையும் ஒருங்கே குறிக்கும். எனவே அவிழ்ந்த கூந்தல் நிறைவேறாத நீதியாகிறது. பட்டநாராயணரின் வடமொழி நாடகமான வேணீசம்ஹாரத்தின் பெயரிலும் இத்தகைய இரட்டுறல் உண்டு. 'சம்ஹாரம்' சேர்த்துக் கட்டுதலுமாம், அழித்தலுமாம். 'சங்காரம்' என ஒலிபெயர்த்தால் தமிழில் அழிவு மட்டுமே எஞ்சும்.

தமிழிலிருந்து கன்னடத்திற்குப் பெயர்க்கையில் சிக்கல் வேறு வகையினது. பெங்களூர்ச் சிவாஜிநகரின் ரசல் சந்தையில் பூ வாங்கும் தமிழர் பேச்சில் அதனை 'வைத்துக்கொள்வர்'. கன்னடர் பேச்சிலோ அவ்வினை 'முடி'. தமிழில் செய்யுள் வழக்காக ஒதுங்கியது அங்குப் பேச்சில் வாழ்கிறது. எனினும், நிறைவுறுதலுக்கு இன்றைய கன்னடத்தில் 'முகி' என்னும் வேறு வினையே வழங்குகிறது. பெயர்ச்சொல்லிலும் இவ்வேறுபாடு உண்டு. கன்னடக் 'கூதலு' இருபாலார்க்கும் பொது. அதன் இனச்சொல்லாகிய 'கூந்தல்' இன்றைய தமிழில் மகளிர்க்கே உரியது.

ஆகவே, ஒலியொப்புமையை நம்பி 'முடி' என்று மட்டும் பெயர்ப்பவர் பாஞ்சாலியின் கூந்தலைக் கட்டுவார்; சபதத்தை நிறைவேற்றார். தன் கூந்தலையே தீர்ப்பாக்கியவள் அங்கு ஒப்பனை செய்துகொள்பவளாகச் சுருங்குவாள். 'முடி', 'முகி' இரண்டையும் அடுத்தடுத்து அமைப்பதே தக்கது. பொருளும் நிற்கும், மோனையும் கிட்டும்.