பூனை மட்டும் தெரிகிற அறை

ஹிரோஷிகே 1857-இல் வரைந்த ‘அசகுசா வயல்களும் தோரி நோ மாச்சி திருவிழாவும்’ என்ற மரச்செதுக்கு அச்சுப்படத்தில் திருவிழாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சட்டம் போட்ட ஜன்னல், அதன் திண்டில் வெளியே பார்த்தபடி ஒரு வெள்ளைப் பூனை. வெளியே அந்தி வானம், ஃபூஜி மலை, வயல். வயலுக்கு நடுவே எறும்பு வரிசை மாதிரி போகிறதே, அதுதான் திருவிழாக் கூட்டம்.

உள்ளே ஆள் கிடையாது. திண்டில் ஒரு கிண்ணம், துண்டு. இடப்பக்கம் ஒரு தடுப்பின் விளிம்பு. தரையில் சில கொண்டை ஊசிகள். அந்தத் திருவிழாவில் அதிர்ஷ்டத்தை வாரிச் சேர்க்கும் என்று விற்கிற வாருகோலின் வடிவம் அவற்றுக்கு. யாரோ திருவிழாவுக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். யாருக்கு?

இது யோஷிவாரா. 1657 தீவிபத்துக்குப் பின் எடோ நகரின் ஓரத்துக்கு, வயல்களுக்கு நடுவே மாற்றப்பட்ட பரத்தையர் குடியிருப்பு. தலைப்பில் அந்தப் பெயர் இல்லை. அவள் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறாளா, தனியாகவா, வந்தவன் போய்விட்டானா? படம் வாயே திறப்பதில்லை.

‘பாவம், பூனைதான் அந்தப் பெண், அடைபட்டுக் கிடக்கு’ என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது ஒட்டவில்லை. கதவு திறந்திருந்தால் பூனை பாட்டுக்குப் போய்விடும். சுற்றிலும் அகழி, ஒரே பெரிய வாசல், தலைமேல் கடன் என்று இருந்தவள் எங்கே போவது?

யோஷிவாராப் பெண்களை அலங்காரத்தோடு வரைந்து விற்பது அன்றைய அச்சுப்பட வியாபாரத்தில் சர்வசாதாரணம். ஹிரோஷிகே அவளைக் காட்சிக்கு வைக்கவில்லை. அதை மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மரியாதையில் படம் வாங்கியவனுக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது: அந்தியை ரசிக்கலாம், எந்த முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

சில பிரதிகளில் பூனையின் உடல், மையில்லாமல் அழுத்தி, காகிதம் புடைக்கும்படி அச்சிடப்பட்டிருக்கிறது. தொட்டுப் பார்க்கத் தோன்றும் கனிவெல்லாம் பூனைக்குத்தான். அவளுக்கு அந்தத் தடுப்பின் விளிம்பு மட்டும்.

இந்தப் படத்தை ‘அமைதியானது’ என்று சொல்லும்போது எனக்கு நாக்கு தடுமாறுவது இதனால்தான். ஹிரோஷிகே நம்மை வயலில் நிறுத்தவில்லை. அறைக்குள், பூனைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். வந்தவன் நிற்கிற இடமும் அதுதான்.