தராசும் தாளமும்

எனக்குத் தைராய்டு குறைவு என்று ரிப்போர்ட் வந்த வாரத்தில் என் போன் முழுக்க விதைகள். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து பதினான்கு நாள் ஆளி விதையும் பூசணி விதையும், அடுத்த பதினான்கு நாள் எள்ளும் சூரியகாந்தி விதையும். அஞ்சு மணிக்கு எழு, வெந்தயத் தண்ணி குடி, வெயில்ல நில்லு, மொபைலைத் தொடாதே (இதையும் மொபைலில்தான் சொல்கிறார்கள்). எல்லாவற்றின் மேலும் ஒரே தலைப்பு: ஹார்மோன் சமநிலை.

கிண்டல் பண்ணுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு மாதம் விதைகளை வறுத்துப் பொடித்துத் தின்றவள் நான். அப்போதுதான் இந்த ரீல்களுக்கென்று ஒரு கதைசொல்லல் இருப்பது பிடிபட்டது. முதல் காட்சியில் களைத்த பெண். கடைசிக் காட்சியில் அதே பெண், வேறு வெளிச்சத்தில். நடுவில் ஒரு பட்டியல். இந்தக் கதையைத் தாங்கி நிற்பது 'சமநிலை' என்ற உருவகம். உடம்பு ஒரு தராசு, அது ஆடுகிறது, சரியான விதையைப் போட்டால் முள் நடுவில் நின்றுவிடும்.

ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர் தன் உரைகளில் அறிமுகப்படுத்தினார். அதன் கிரேக்க வேருக்குக் கிளர்த்துவது, உந்துவது என்று பொருள். நிற்க வைப்பது அல்ல. கார்டிசால் விழித்தெழுந்த சிறிது நேரத்தில் உச்சம் தொட்டு இரவில் அடங்குகிறது. மெலடோனினுக்கு இரவுதான் பொழுது. புரோஜெஸ்டிரோன் கருமுட்டை வெளியான பிறகு ஏறி, மாதவிடாய்க்கு முன் சரிகிறது. இவையெல்லாம் நடுமுள்ளில் நின்றால்தான் சிக்கலே. தராசைவிடத் தாளம் பொருந்துகிற உருவகம். ஆனால் தாளம் என்றால் சரிவும் அதில் ஒரு பகுதி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ரீலின் கடைசிக் காட்சி அதற்கு இடம் கொடுக்காது.

சரி, உருவகம் தப்பா இருந்தா என்ன? நல்லா சாப்பிடு, நேரத்துக்குத் தூங்குன்னுதானே சொல்றாங்க? உண்மைதான். தூக்கமும் நடையும் உதவும். பிசிஓஎஸ்ஸோடு எடையும் கூடியிருப்பவர்களுக்கு, அதில் ஐந்து சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு. ஆனால் எல்லாக் களைப்புக்கும் ஹார்மோன் என்றே பெயர் வைத்துவிட்டால் மற்ற காரணங்கள் கண்ணில் படாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களுடைய களைப்புக்கு முதலில் வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. எனக்கு வேண்டியிருந்தது மாத்திரை. என் டிஎஸ்எச் ஏறியிருந்ததே, கழுத்துச் சுரப்பி மந்தமானதால் பிட்யூட்டரி போட்ட கூச்சல். விதைகள் அதை அடக்கவில்லை.

நான் பார்த்த ரீல்களில் சில வள்ளுவரையும் துணைக்கு அழைத்தன. மருந்து அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். தராசு அங்கேயும் இருக்கிறது. வாதம், பித்தம், கபம் கூடினாலும் குறைந்தாலும் நோய் என்றுதான் முதல் குறளே. ஆனால் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் அந்தப் பத்துக் குறளில் ஓர் உணவின் பெயர்கூடக் கிடையாது. எத்தனை மணிக்கு என்றும் இல்லை. முன்பு தின்றது செரித்ததா, இப்போது பசிக்கிறதா என்றே அவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியது தின்பவரின் வயிறு. பட்டியல் போடுகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

என்னை நிறுத்தியது கடைசிக் குறள். மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நாலாவது ஆள் எந்த ரீலிலும் இல்லை. அவளே எழுந்து, அவளே ஊறவைத்து, அவளே அரைத்து, அவளே குடிக்கிறாள். வீட்டில் மற்றவர்களுக்குச் சமைத்தது யார் என்று தெரியாது. ஒருநாள் தவறினால் குற்றமும் அவளுடையதே. அதற்கு 'டிசிப்ளின்' என்று பெயர்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இத்தனை வருடம் காபியோடு என்னை எழுப்பிய அம்மா இப்போது ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவருகிறாள். ஏழு மணிக்குத்தான் டிகாக்‌ஷன் வாசனை. நீ குடிக்க வேண்டியதுதானேம்மா என்றால், "இரு, உன்கூடவே குடிச்சுக்கிறேன்" என்கிறாள்.